பாட்டு எழும்பும்போது

மேடையிலிருந்த பிரசங்கியார், "இந்தப் பந்தலிலே பாரத்தோடே வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டுவிட்டு ஒரு மூச்சு நிறுத்தினார். பதில் எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி அல்ல அது. ஆனால் ஆண்கள் பக்கம் ஆறாவது வரிசையில் ஒரு கை எழும்பியது. "நான் ஒருத்தன் இருக்கேன்யா!" பந்தலுக்குள் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. பிரசங்கியாரும் சிரித்து, "சந்தோஷம் சகோதரனே, உட்காருங்க" என்றார். பெண்கள் பக்கத்துக் கடைசித் தூணில் சாய்ந்து நின்ற தங்கபுஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை. குரல் தடித்திருந்தது, சொல்லின் கடைசி இழுபட்டது. அந்த இழுவை எதனால் என்பதுதான் கேள்வி. இன்னும் இரண்டு நிமிஷத்தில் ஒழுங்குக் கமிட்டித் தவசிமுத்து அண்ணாச்சி வருவார், தங்கம் ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துரும்மா என்பார், அவள் போய் அந்த ஆளின் பக்கத்தில் குனிந்து மூச்சை மோந்துவிட்டு வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். குடி, அல்லது குடி இல்லை. சேலையில் குத்தியிருந்த கமிட்டியின் நீல ரிப்பனை அவள் விரல் தடவியது, குண்டூசி முனை எங்கே இருக்கிறது என்று தேடுவதுபோல. ஆண்டவரே, அந்த மனுஷன் இனி வாயைத் திறக்காமல் இருக்கட்டும், தூங்கிப்போகட்டும், வெயிலுக்குத் தூங்குகிறவர்கள் எத்தனை பேர் இல்லை, இந்தா என் பக்கத்திலேயே நாலு பேர் தூங்குகிறார்கள், அவரையும் தூங்கப்பண்ணும். ஜெபம் முடியுமுன்னே அவர் "ஆமென்!" என்று கூவினார். ஆமென் சொல்ல ஒன்றுமே இல்லாத இடம் அது. பிரசங்கியார் தம் மூத்த மகளுக்குப் பல் பிடுங்கின கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மே மாதத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று நாள் கன்வென்ஷன். ஒழுங்குக் கமிட்டியில் பதினாறு பேர். பதினைந்து பேர் ஆண்கள், எல்லாரும் வாத்தியார் வீட்டு, உபதேசியார் வீட்டுப் பிள்ளைகள், குடித்தவன் எவன் கிறுக்கன் எவன் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள். அதற்குத்தான் பதினாறாவதாகத் தங்கபுஷ்பம். இருபத்திரண்டு வருஷம் குடிகாரப் புருஷன் மாசிலாமணியோடு வாழ்ந்தவள், அந்த மூக்குக்குத் தப்பாது என்று தவசிமுத்து அண்ணாச்சி கமிட்டிக் கூட்டத்திலேயே சொல்லுவார், கேலியாக அல்ல, ஒரு வரத்தைச் சொல்வதுபோல. அவள் குடி என்றால், ஆளை மெதுவாக எழுப்பிப் பந்தலுக்குப் பின்னால் கொண்டுபோய் நிழலில் படுக்கவைத்து, கூட்டம் முடிந்ததும் வீட்டார் கையில் ஒப்படைப்பது. குடி இல்லை என்றால் நர்சிடமோ, ஜெபிக்கிற ஐயாமாரிடமோ அனுப்புவது. பத்து வருஷம் அவள் மூக்கு பிசகவில்லை, அல்லது பிசகியது யாருக்கும் தெரியவரவில்லை. போன வருஷம் இதே மைதானம், இதே மூன்று மணிக் கூட்டம், உப்பளத்தில் எடை போடுகிற செல்வின்துரை என்ற மனுஷன் நாற்காலியோடு சரிந்து கிடந்து ஏதேதோ பேசினார். அவள் போய்க் குனிந்தாள். திரும்பி வந்து, "குடிதான் அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர் கடைசிக் காலத்துல இருந்த அதே வாசனை" என்றாள். அதே வாசனை. அந்த இரண்டு வார்த்தையையும் அவள் தன் வாயாலேயே சொன்னாள். நிழலில் படுக்கவைத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மனுஷனுக்கு நினைவில்லை, மூச்சு மட்டும் ஓடிவந்தவன்போல இழுத்து இழுத்து வாங்கியது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கழித்துத்தான் கண் திறந்தார். அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை, பிறந்ததிலிருந்து குடித்ததில்லை. சர்க்கரை தலைக்கு மேல் ஏறிக் கிடந்ததாம். வராந்தாவில் நின்ற தங்கபுஷ்பத்திடம் அந்தச் சின்ன வயசு டாக்டர், "சுகர் எல்லை மீறினா மூச்சுல ஒரு பழ வாசனை வரும்மா, பேச்சு குளறும், குடி மாதிரியேதான் இருக்கும், யாருக்கும் குழப்பம் வரும்" என்றார், ஆறுதலுக்கு. ஒரு வருஷமாக அவள் அந்த வார்த்தையைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறாள். குடி மாதிரியேதான் இருக்கும். இரண்டும் ஒரே வாசனைதான். ஒரே வாசனை என்றால் தப்பில்லை, செல்வின்துரை விஷயத்திலும் தப்பில்லை, அந்த இன்னொரு விஷயத்திலும் தப்பில்லை. அந்த இன்னொரு விஷயத்துக்கு அவள் போகமாட்டாள். வீட்டில் ஜெபம் பண்ணும்போதுகூட மகள், மருமகன், பேத்தி, மஸ்கட்டில் இருக்கிற மகன் என்று வரிசையாகப் பெயர் சொல்லிவந்து, அந்த இடம் வந்ததும் அடுப்பில் பால் வைத்ததுபோல எழுந்துவிடுவாள்.

"பெரியம்மா." கிங்ஸ்லி வந்துவிட்டான், அண்ணாச்சிக்கு முன்னால். கூட்டுறவு பேங்கில் வேலை பார்க்கிறவன், நல்ல பையன், கலியாணத்துக்குப் பெண் தேடுகிறார்கள். "அந்தா கைலிச் சாரம் கட்டுன ஆளு பக்கத்துல கட்டம் போட்ட சட்டை. பக்கத்துல இருக்கவங்க எந்திரிச்சுப் போறாங்க, நாறுதுன்னு சொல்லுதாங்க. அண்ணாச்சி உங்களப் பாக்கச் சொன்னாரு." என்ன நாற்றமாம் என்று கேட்டாள். "அதான் பெரியம்மா, அதச் சொல்லத்தான் நீங்க." அவள் சிரிக்க முயன்றாள். கமிட்டி வேண்டாம் என்றுதான் இந்த வருஷம் சொல்லியிருந்தாள். அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார், நீ என்ன டாக்டரா தங்கம், உனக்கு எப்படித் தெரியும், ஆண்டவர் அவரைப் பிழைக்கவச்சாரே அது போதாதா என்று சொல்லி, தன் கையால் ரிப்பனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஆமாம், பிழைக்கவைத்தார். செல்வின்துரையைப் பிழைக்கவைத்தார். கால் நடந்தது. பெண்கள் பக்கத்தைச் சுற்றி, தண்ணீர் டிரம்மைத் தாண்டி, மணலில் செருப்பு அமுங்கி அமுங்கி எழுந்தது. தண்ணீர் டிரம்மின் குழாயடியில் ஈரம், ஈரத்தின் ஓரத்தில் எறும்பு. எறும்பைப் பார்க்காதே. இங்கே யாரோ டீ கொட்டியிருப்பார்கள், டீக்கு எறும்பு வரும். வீட்டுக் கொல்லையில் டீ கொட்டினவர் யார்? அந்த வருஷம் சுவரோரம் எறும்பு சாரை சாரையாக, மாசிலாமணி ஒண்ணுக்கு ஒதுங்குகிற அதே மூலையில், அவளும் எறும்புப் பொடி போட்டாள், போட்டுப் போட்டுப் பார்த்தாள், பொடி தீர்ந்ததே தவிர எறும்பு தீரவில்லை. பக்கத்து வீட்டு மைனியிடம்கூட இந்த வருஷம் எறும்பு ஜாஸ்தி என்று சொன்னாள். எறும்புக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை. இல்லை, இல்லை, அந்த வருஷம் மழை பிந்திப்போனது, மழை பிந்தினால் எறும்பு வரத்தான் செய்யும். நான் தொட்டே அஞ்சு மாசம் ஆச்சு தங்கம் என்றார் அவர். ஆயுசில் ஒன்பது தடவை சொன்ன பேச்சு அது, பத்தாவது தடவைக்கு அவள் காது கொடுக்கவில்லை. சட்டை தோளில் ஆணியில் மாட்டினதுபோலத் தொங்கியது. சோறு தின்றார், இரண்டு பேர் சோறு தின்றார், அப்படியும் மெலிந்தார். செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டு இன்னொரு செம்பு என்று நீட்டுவார். ஏது இவ்வளவு தாகம், உள்ளே போனது எரிக்கிறதோ என்று அவள் குத்திப் பேசினாள். குத்திப் பேசினது மட்டும் ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. அந்த வாசனைதான் வரமாட்டேன் என்கிறது. முகத்தை நினைக்கலாம், குரலை நினைக்கலாம், வாசனையை நினைத்துக் கொண்டுவர முடியாது, எதிரே வந்தால்தான் தெரியும். ஒரு வருஷமாகக் குடித்தவர்கள் பக்கம் அவள் போகவில்லை. பஸ்ஸில் ஒருத்தர் தள்ளாடி வந்து நின்றால் இறங்கிவிடுவாள். இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள், எதற்குப் பயந்து இறங்கினோம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல்.

ஆறாவது வரிசையில் அந்த ஆளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகியிருந்தன. ஐம்பது வயசு இருக்கும். சவரம் பண்ணி நாலு நாள். மடியில் ஒரு வேதபுத்தகம் வைத்திருந்தார், அதன்மேல் இரண்டு கையும். கமிட்டிக்கு ஒரு முறை இருக்கிறது, தவசிமுத்து அண்ணாச்சி ஏற்படுத்தினது: பின்னாலிருந்து தொடக்கூடாது, அக்குளில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து பெயர் கேட்கவேண்டும், முறை சொல்லிக் கூப்பிடவேண்டும், நாற்காலிக்கு அடியில் கழற்றிவிட்ட செருப்பை மறக்காமல் எடுத்துக்கொள்ளவேண்டும், செருப்பில்லாமல் போனவன் திரும்பி வருவான். எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டு எழும்பும்போதுதான் கூட்டிப்போகவேண்டும். அண்ணாச்சி கையைத் தூக்கினால் மேடையில் கீபோர்டு வாசிக்கிற தம்பி பார்த்துக்கொள்வான், பிரசங்கியார் காதில் ஒரு வார்த்தை போகும், எல்லாரும் எழுந்து பாடுவோம் என்பார், ஜனம் முழுதும் எழுந்து நிற்கும், அந்த மறைவில் ஆளைப் பக்கப் படுதா வழியாகக் கொண்டுபோய்விடலாம். திரும்ப உட்காரும்போது ஒரு நாற்காலி காலியாக இருக்கும், அவ்வளவுதான். ஒருத்தருக்கும் அவமானமில்லை. அவள் இதைப் படித்தது கமிட்டியில் அல்ல. ஸ்தோத்திரப் பண்டிகை அன்றைக்குக் கோயிலில் படித்தாள். பத்தரை மணி ஆராதனை, பிரசங்கம் பாதியில், மாசிலாமணி நடுவாசல் வழியாக உள்ளே வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, "தங்கம், நாவறளுது தங்கம்" என்றார். ஊரே திரும்பிப் பார்த்தது. அவரைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தது. அவள் திரும்பவில்லை. மணியடிக்கிற கோயில்பிள்ளை பக்கம் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், வெளியே என்று. கண்ணைக் காட்டினது அவள்தான். ஆராதனை நடத்தின ஐயர் நல்ல மனுஷர், உடனே ஒரு பாட்டுச் சொன்னார், எல்லாரும் எழுந்தார்கள், அவளும் எழுந்து பாடினாள். ஐந்து கவியும், ஒரு சரணம் விடாமல், பாடினாள். அந்த ஐந்து கவிக்குள் இரண்டு பேர் அவரை அலுங்காமல் குலுங்காமல் கொண்டுபோய் வேம்படியில் படுக்கவைத்துவிட்டார்கள். ராப்போஜனம் முடிந்து, காணிக்கைப் பொருள் ஏலம் முடிந்து, அவள் வெளியே வந்து பார்த்தபோது வாய் திறந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. குடிச்சே செத்தான் என்றது ஊர். அவளும்தான் சொன்னாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, அசிங்கப்படுத்தாமக் கூட்டிட்டுப் போனீங்களே, நல்லாயிருப்பீங்க என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த இரண்டு பேரில் ஒருத்தர் தவசிமுத்து அண்ணாச்சி.

"அண்ணாச்சி பேரு என்ன?" என்று கேட்டு ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். முறைப்படி பக்கத்து நாற்காலியில் உட்காரவேண்டும். மின்விசிறிக் காற்று அவள் பக்கமிருந்து அவர் பக்கம் போனது, அதற்கு ஒரு ஸ்தோத்திரம். "ஏசுவடியான்" என்றார். "என் பாரத்தக் கேட்டாங்க. சொல்லலாம்னு கைய தூக்கினா எல்லாரும் சிரிக்கான். கேட்டது அவருதானம்மா? கேட்டா சொல்லணுமா வேண்டாமா?" சொல்லணும்தான் என்றாள். "அப்ப சொல்லுதேன்" என்று எழப்போனார். அவள் நாற்காலி மாறி அவர் முழங்கையைத் தொட்டாள். மூச்சை அடக்கிக்கொண்டுதான் தொட்டாள். கிணற்றுக்குள் முங்குகிறவள்போல அடக்கினாள். தூரத்துத் தூணிலிருந்து தவசிமுத்து அண்ணாச்சி அவளைப் பார்த்தார். தலையை இடப்பக்கம் சாய்த்தால் குடி. அவள் கழுத்து அசையவில்லை. அவர் புருவத்தைத் தூக்கினார், என்ன? அவள் மூச்சை அடக்கியபடியே கிங்ஸ்லியைக் கைகாட்டிக் கூப்பிட்டாள், அவன் குனிந்ததும் அவன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்குத் தெரியலப்பா. ஜெயராணி நர்ஸ பின்னால வரச்சொல்லு, சுகர் மிஷினோட வரச்சொல்லு." "பெரியம்மா, இவரு வாயத் திறந்தா பத்தடிக்கு..." "தெரியலன்னு சொல்லுதேன்லா." குரல் ஓங்கிவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேர் திரும்பினார்கள். தூணருகே தவசிமுத்து அண்ணாச்சி கையைத் தூக்கிவிட்டார். எல்லாரும் எழுந்து பாடுவோம் என்றார் பிரசங்கியார், கீபோர்டு கும்மென்று எழும்பியது, ஆயிரம் நாற்காலி கிறீச்சிட்டது, சேலையும் வேட்டியும் எழுந்து சுவராக நின்றன. "வாங்க அண்ணாச்சி, வெளிய போய் உங்க பாரத்தச் சொல்லுங்க, நான் கேக்கேன்." "நெசமாவா?" "நெசமா." அவர் செருப்பை அவள் எடுத்துக்கொண்டாள், ஒரு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. கிங்ஸ்லி வலப்பக்கம், அவள் இடப்பக்கம், முகத்தை அப்பால் திருப்பி ஒரு மூச்சு வாங்கி மறுபடி அடக்கிக்கொண்டு. அவர் பாட்டோடு சேர்ந்து, வேறு ஏதோ ராகத்தில், பாடிக்கொண்டே வந்தார். படுதாவை ஒதுக்கியபோது வெயில் முகத்தில் அறைந்தது, அவள் அடக்கின மூச்சு தன்னால் உடைந்து, ஒரு பெரிய மூச்சு உள்ளே போனது.

போனது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நடப்பதுபோலிருந்தது. பள்ளிக்கூடச் சுவரின் நிழலில் பெஞ்சு போட்டிருந்தது, அதில் அவரை உட்காரவைத்தார்கள். ஜெயராணி நர்ஸ் வியர்த்து ஓடிவந்து அவர் விரலில் ஊசி குத்தி, பட்டையில் ரத்தத்தைத் தொட்டு, மிஷினைக் கண்ணருகே பிடித்தாள். "நூத்தி முப்பது. சுகர் ஒண்ணுமில்லக்கா. நல்லா ஏத்திட்டு வந்திருக்காரு, அம்புட்டுதான்." கிங்ஸ்லி சிரித்தான். "நாந்தான் சொன்னேன்லா பெரியம்மா. இதுக்கு மிஷினா?" தங்கபுஷ்பம் பெஞ்சின் முன் மணலில் முழங்காலிட்டிருந்தாள், ஜெபத்துக்கு அல்ல, அவர் முகத்துக்கு நேரே தன் முகம் வரவேண்டும் என்று. "அண்ணாச்சி, ஊதுங்க." "என்னது?" "மூச்ச ஊதுங்க, என் மூஞ்சியில." ஏசுவடியான் கண்ணைச் சுருக்கினார். "நீங்க போலீஸாம்மா? நான் வண்டி ஓட்டல. நடந்துதான் வந்தேன், கேட்டுப் பாருங்க." "போலீஸ் இல்ல. ஊதுங்க." அவர் ஊதினார். ஸ்பிரிட்டு நெடி. ஊசி போடுமுன் பஞ்சில் தொட்டுத் தேய்ப்பார்களே, அந்த வீச்சம், அதன்மேல் வெங்காயம், அதன்மேல் புளித்த வயிறு. மூக்கின் உட்புறத்தை அரைத்துக்கொண்டு மேலே ஏறுகிற நெடி. பழகின நெடி. கலியாணமான மூன்றாம் மாதத்திலிருந்து தெரியும் இதை, தலையணையில், சட்டைக் காலரில், குழந்தையின் நெற்றியில் அவர் முத்தமிட்ட இடத்தில். "இன்னொரு தரம்." ஊதினார். பழம் எங்கே? பழமே இல்லை. கனிந்து கறுத்துத் தோல் வெடித்த வாழைத்தாரை அறைக்குள் பூட்டிவைத்ததுபோல ஒரு இனிப்பு, போன வருஷம் செல்வின்துரையின் வாயிலிருந்து வந்ததே, அது இதில் ஒரு பொட்டுக்கூட இல்லை. மாதிரியே இல்லை. டாக்டர் நல்ல பிள்ளை, கிழவி அழுகிறாளே என்று சொல்லியிருக்கிறான். "இன்னும் ஒரே ஒரு தரம் ஊதுங்க அண்ணாச்சி." "எம்மா, எனக்குத் தல சுத்துது" என்றார் ஏசுவடியான், ஆனாலும் ஊதினார். இந்தமுறை கூப்பிடாமலே வந்தது அந்த இன்னொரு வாசனை, அதே வாழைப்பழ இனிப்பு, பதினோரு வருஷத்துக்கு முந்தி, பாயில், விடிகிற நேரத்தில், அவர் மூச்சு தன் கன்னத்தில் பட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது, என்ன இது பழைய நெடியா இல்லையே என்று மூக்கு சொன்னது. காலையில் குழாயடியில் மைனியிடம் அவள் சொன்னாள், சொன்ன வார்த்தை இப்போது முழுசாக வந்தது, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே சொன்னது: "சரக்க மாத்திட்டாரு மைனி, இப்ப வேற ஏதோ குடிக்காரு." மூக்கு பிசகவில்லை. பிசகவே இல்லை.

"பெரியம்மா, எந்திரிங்க, மணல் சுடுது" என்று கிங்ஸ்லி தோளைத் தொட்டான். படுதாவை விலக்கிக்கொண்டு தவசிமுத்து அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். எண்பதை நெருங்குகிற மனுஷர், கண்ணுக்கு மேலே கைவைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, "என்ன தங்கம், குடிதானே?" என்று கேட்டார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். வேம்படிவரை தாங்கிப்போன கை. எவ்வளவு பதமாகத் தாங்கியிருக்கும், ஒரு பட்டன்கூடத் தெறிக்காமல். அவரிடம் சொல்லவேண்டுமா? சொன்னால் அவரும் இனி ஜெபத்தில் ஒரு இடத்தில் எழுந்திருக்கவேண்டிவரும். "ஆமா அண்ணாச்சி" என்றாள். பிறகு, அவருக்குக் கேட்டதோ இல்லையோ, "இதுதான் குடி" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் படுதாவை விட்டார். உள்ளே பாட்டு அடுத்த கவிக்கு ஏறியது, ஜனம் கைதட்டிப் பாடியது. வாய் தன்னால் அந்தக் கவியின் முதல் வார்த்தைக்குத் திறந்தது, அவள் மூடிக்கொண்டாள். பெஞ்சில் ஏசுவடியான் அவள் சேலையில் இருந்த ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் பாரத்தக் கேக்கேன்னு சொன்னீங்க" என்றார். "கேக்கேன். முதல்ல இதக் குடிங்க." ஜெயராணி வைத்துவிட்டுப் போன செம்பிலிருந்து டம்ளர் நிறைய ஊற்றி அவர் கையில் கொடுத்து, அடியில் தன் கையையும் கொடுத்தாள். அவர் ஒரே ஒரு மடக்குக் குடித்தார். டம்ளரைத் தள்ளினார். "போதும்மா" என்றார், "தாகமே இல்ல எனக்கு."